முப்பது நாள் தொட்டி

“கிட்ட வராதய்யா! காத்துலயே பரவுமாம்!” என்று கத்திவிட்டு மேனேஜர் தன் அறைக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

கதவுக்கு வெளியே நின்றவர் அந்தக் குழாய்க் கம்பெனியின் ஸ்டோர் கீப்பர். ஆபீஸில் எல்லோரும் அவரை ‘ஸ்டோர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கையில் தண்ணீர் கட்டிய ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் ஆரஞ்சு நிறத்தில், வெள்ளைப் பட்டை போட்டு, விரல் நீளத்துக்கு இரண்டு கடல் மீன்கள். நூற்றிருபது பேரை மேய்க்கிற மேனேஜர் ஒளிந்துகொண்டது இந்த இரண்டுக்கும் பயந்துதான்.

“சார், நீங்கதானே கடையிலேர்ந்து நேரா இங்க கொண்டாரச் சொன்னீங்க?”

“அது நேத்து. இன்னிக்குக் காலையில போன்ல படிச்சேன். புது மீனை முப்பது நாள் தனித் தொட்டியில வெச்சுப் பாத்துட்டுதான் பழசோட சேக்கணுமாம். இல்லன்னா நோய் தொத்திப் பழசெல்லாம் காலி.”

போனில் படித்தால் உண்மையாகத்தான் இருக்கும். போனில் பொய் எழுதக்கூடாது என்று சட்டம் இருக்கிறது பாருங்கள்.

மேனேஜரின் அறையில், அவர் நாற்காலிக்குப் பின்னால், சுவர் முழுக்கப் பெரிய உப்புநீர்த் தொட்டி. அதில் ஆறு மீன்கள். வருகிறவர்கள் எல்லோரும் “அடடா!” என்பார்கள். மேனேஜர் அந்த ‘அடடா’வைத்தான் பார்ப்பார். மீனைப் பார்க்க அவர் ஒரு தடவை திரும்பியதாக யாருக்கும் ஞாபகம் இல்லை. தீனி போடுவது, கண்ணாடி துடைப்பது எல்லாம் ஆபீஸ் பெருக்குகிற ஆயம்மாவின் வேலை. பாசம் மட்டும் மேனேஜருடையது.

“இந்த ரெண்டையும் உன் வீட்டுல வெச்சுப் பாத்துக்க,” என்றார் மேனேஜர் கதவிடுக்கு வழியாக.

“என் வீடு சின்னது சார்.”

“மீனும் சின்னதுதானே? இதோ பாருய்யா, மலைக்கு அந்தப் பக்கம் புதுக் கிடங்கு திறக்கறாங்க. மாற்றல் லிஸ்ட்டுல ஒரு பேர் கேக்கறாங்க. உன் பேரைப் பென்சில்ல எழுதி வெச்சிருக்கேன். ஒழுங்கா பாத்துக்கிட்டா அழிச்சுடுவேன். என் மீனுங்களுக்கு ஒரு தும்மல் வந்துச்சு, பேனாவால எழுதிடுவேன்.”

“மீன் தும்முமா சார்?”

“பேசாத. பேசினா காத்து வருது.”

 ஸ்டோரின் மனைவி இந்த ஊரில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் பதினெட்டு வருடமாகக் கண் பரிசோதிக்கிறவள். வேலையை விட்டுவிட்டு மலைக்கு அந்தப் பக்கம் வரமாட்டாள். மாற்றல் வந்தால் அவர் மட்டும் போய், ஸ்டவ்வோடு பேசிக்கொண்டு கிடக்க வேண்டும். லிஸ்ட் போவதற்கு நாற்பத்திரண்டு நாள் இருந்தது. முப்பது நாள் வேலைக்கு அது தாராளம். தாராளம் என்று தோன்றும்போதே மனிதன் சுதாரித்துக்கொள்ள வேண்டும்.

வீட்டில் தொட்டி வைக்கிற அளவுக்கு இடம் இருந்த ஒரே அறை, குளியலறை.

“ஏங்க, நான் எங்க குளிக்கிறது?” என்றாள் மனைவி.

“அங்கயேதான். ஆனா லைட்டப் போடாத. புது மீனு மிரளுமாம். அப்புறம், தண்ணிய மெதுவா ஊத்து. சத்தமும் ஆகாதாம்.”

“இருட்டுல, சத்தமில்லாம. என் வீட்டுல நானே திருடி மாதிரி குளிக்கணும்.”

“முப்பது நாள்தான்மா.”

தொட்டி வெறும் கண்ணாடிப் பெட்டி. மணல் கிடையாது, கல் கிடையாது. ஒரு ஹீட்டர், காற்றுக் குமிழி விடுகிற ஸ்பாஞ்ச் பில்டர் ஒன்று, மீன் ஒளிந்துகொள்ள, குழாய் வளைவில் பொருத்துகிற ஒரு பிளாஸ்டிக் முழங்கை. முழங்கை மட்டும் கம்பெனிச் சரக்கு. இருபது வருடத்தில் அந்தக் கம்பெனிக் குழாயை ஒழுகவில்லை என்று பாராட்டியவர்கள் அந்த இரண்டு மீன்கள்தான்.

நாலாம் நாள் இரண்டு மீனும் மேலே வந்து வாயைப் பிளந்தன. ஸ்டோர் மீன் கடைக்காரருக்குப் போன் போட்டார்.

“புது ஸ்பாஞ்ச்ல கிருமி இருக்காதுண்ணே,” என்றார் கடைக்காரர்.

“கிருமி இல்லன்னா நல்லதுதானே?”

“இது நல்ல கிருமிண்ணே. மீன் கழிவைத் தின்னு தண்ணிய சுத்தம் பண்ணும். பழைய தொட்டி ஸ்பாஞ்ச்ல ஒரு துண்டு வெட்டிப் போடுங்க, சரியாயிடும்.”

கெட்ட கிருமி வரக்கூடாதென்று தனித் தொட்டி. அதற்குள் போட நல்ல கிருமி வேண்டும். விற்கிறவனிடம் விளக்கம் கேட்டால் இப்படித்தான் இருக்கும்.

ஸ்டோர் ஆபீஸுக்கு ஓடினார். மேனேஜர் அவரை நடைபாதையின் அந்தக் கோடியிலேயே நிறுத்தினார். தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருந்தது.

“சார், பழைய தொட்டி ஸ்பாஞ்ச்ல ஒரு துண்டு...”

“அந்த மீனைத் தொட்ட கை என் தொட்டியில படணுமா? முப்பது நாளும் நீ இந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது. பேனா எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்.”

மீனை ஒதுக்கி வைக்கப் போய், ஸ்டோரையே ஒதுக்கி வைத்தாகிவிட்டது. டீ கொண்டுவருகிறவர்கூடக் கோட்டுக்கு வெளியே டம்ளரை வைத்துவிட்டுத் தள்ளிப் போனார்.

நல்ல கிருமி கிடைக்காததால் தினமும் பாதித் தண்ணீரை மாற்ற வேண்டியதாயிற்று. அதற்குக் கடல் உப்பை முதல் நாளே கலந்து வைக்கவேண்டும். வீட்டிலிருந்த வாளி, அண்டா, குடம் எல்லாம் கடலாயின. ஐந்தாம் நாள் காலையில் மனைவி அவசரத்தில், இருட்டில், சத்தமில்லாமல், தப்பான வாளியில் தலைக்குக் குளித்தாள்.

கடையில் கண் பரிசோதிக்க வந்த ஒரு பெரியவர், “ஏம்மா, உன் தலையில இருக்கறது முடியா, துடைப்பமா? சரியாத் தெரியல,” என்றாராம். அவள் எழுத்துப் பலகையைக்கூடக் காட்டாமல், கண் நன்றாகத்தான் தெரிகிறது என்று எழுதி அனுப்பிவிட்டாள்.

“எனக்கு முதல்ல மாற்றல் வாங்கிக் குடுங்க,” என்றாள் சாயங்காலம். “வேற புருஷன்கிட்ட.”

பத்தாம் நாள் இன்னொரு இடி. தொட்டிக்கு முன்னால் குந்தியிருந்த ஸ்டோர் அலறினார். இரண்டு மீன் மேலும் வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளி.

“புள்ளி நோய்ண்ணே,” என்றார் கடைக்காரர் போனில். “செம்பு மருந்து விடணும். ஸ்டாக் இல்ல, நாலு நாள்ல வரும்.”

அப்போது வீட்டுக்கு வந்திருந்தான் மனைவியின் தம்பி. எலெக்ட்ரீஷியன். ஊரில் பாதி வீடுகளுக்கு ஒயரிங் செய்தவன். மீதிப் பாதி வீடுகள்தான் நிம்மதியாக இருந்தன.

“செம்புதானே மாமா? எதுக்கு நாலு நாள்? என்கிட்ட ஒரு சுருளே கிடக்கு.”

“மச்சான், அது ஒயரு...”

“மேல இருக்கறதுதான் மாமா ஒயரு. உரிச்சுட்டா செம்பு.”

மறுத்துப் பேச ஸ்டோருக்கு விஞ்ஞானம் போதவில்லை. மச்சான் பத்து முழம் கம்பியை உரித்து, வளையமாகச் சுற்றித் தொட்டிக்குள் இறக்கினான். “இனி நோயே கிட்ட வராது,” என்றான். பன்னிரண்டாம் நாள் காலையில் ஒரு மீன் மல்லாந்து மிதந்தது. அதற்கு இனி நோய் வரவே வராது. அந்த விஷயத்தில் மச்சான் சொன்னது சரி.

இன்னொன்று குழாய் முழங்கைக்குள் கிடந்து மூச்சு வாங்கியது. ஸ்டோர் கம்பியை வெளியே இழுத்து, இருந்த கடலையெல்லாம் கொட்டி, புதுக் கடல் ஊற்றினார். சத்தம் கேட்டு மனைவி வந்தாள். லைட்டைப் போட்டாள். கடையில் பார்க்கிற மாதிரி ஒரு கண்ணை மூடிக்கொண்டு தொட்டியைப் பார்த்தாள். பிறகு தன் முந்தானையால் கண்ணாடியை ஒரு துடை துடைத்தாள்.

மீன் மேலிருந்த புள்ளி போய்விட்டது.

“புள்ளி மீன் மேல இல்லீங்க. கண்ணாடி மேல. உப்புத் தண்ணி தெறிச்சுக் காஞ்சு கிடக்கு.”

ஸ்டோர் குளியலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“அப்போ அது...”

“நல்லா இருந்த மீனு. கரன்ட்டு கம்பி வெச்சுக் கொன்னிருக்கீங்க, மாமனும் மச்சானுமா.”

செத்ததை மேனேஜரிடம் சொன்னால் பேனா. எனவே அன்றைக்கே கடைக்குப் போய், அதே மாதிரி, அதே நீளத்தில், அதே பட்டையோடு ஒன்றை வாங்கிவந்து விட்டார் ஸ்டோர். கடைக்காரர் பையைக் கட்டிக் கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொன்னார்.

“புதுசு ஒண்ணு சேந்துட்டா, பழைய கணக்கு செல்லாதுண்ணே. திரும்பவும் ஒண்ணுலேர்ந்து எண்ணணும்.”

புதுக் கணக்கில் முப்பதாம் நாள் முடிகிற அன்றைக்குத்தான் லிஸ்ட் போகிறது. ஒரு நாள்கூடக் கூடுதல் கிடையாது. பத்திரத்துக்காக லிஸ்ட் போகிற நாள்வரை மீனை வீட்டிலேயே வைத்துக்கொள்கிறேன் என்று ஸ்டோர் சொன்னதும், மேனேஜர் சந்தோஷமாகத் தலையாட்டினார்.

அந்த முப்பது நாளும் ஸ்டோர் மனிதனாக இருக்கவில்லை. கைக்கு ஒரு சோப்பு, வலைக்கு ஒரு வாளி, வாளிக்கு ஒரு துணி, துணிக்கு இன்னொரு வாளி. விருந்தாளி வந்தால் வாசலிலேயே காலைக் கழுவச் சொன்னார். விருந்தாளிகள் வருவது நின்றது. அது ஒன்றுதான் இந்த விவகாரத்தில் மனைவிக்குப் பிடித்தது. அவள் எதிர் வீட்டில் போய்க் குளித்தாள். மச்சான் வந்தால் கையை மேலே தூக்கிக்கொண்டுதான் உள்ளே வரவேண்டும் என்று ஏற்பாடு.

“சார், இன்னிக்கும் நல்லா தின்னுது,” என்று கோட்டுக்கு இந்தப் பக்கமிருந்து கத்துவார் ஸ்டோர்.

“என் ஆறும் சூப்பரா இருக்கு. பாத்தியா, ஒதுக்கி வெச்சதோட மகிமை!” என்று அந்தப் பக்கமிருந்து கத்துவார் மேனேஜர், தொட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

முப்பதாம் நாள் விடிந்தது. ஸ்டோர் இரண்டு மீனையும் பையில் கட்டி, பையை வாளியில் வைத்து, பிள்ளைத்தாய்ச்சியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற மாதிரி ஆட்டோவில் கொண்டுவந்தார். மனைவி வாசல்வரை வந்து, “பென்சில அழிக்கறதைக் கண்ணால பாத்துட்டு வாங்க. அவர் அழிச்சுட்டேன்னு சொன்னா நம்பாதீங்க,” என்றாள்.

மேனேஜர் ஆபீஸில் இல்லை. போனில் வந்தார்.

“ஸ்டோரு, லிஸ்ட்டைக் கையில வெச்சுக்கிட்டு வந்துட்டிருக்கேன். பத்து நிமிஷம். உள்ள போய்ப் பையை அப்படியே தொட்டியில மிதக்க விடு, சூடு ஒண்ணாகட்டும். நான் வந்து அவுக்கறேன். எதையும் தொட்டுடாத.”

நாற்பத்திரண்டாம் நாள் ஸ்டோர் அந்தக் கோட்டைத் தாண்டினார். அறைக்குள் போனார். பையை மெதுவாகத் தண்ணீர் மேல் வைத்தார். நிமிர்ந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தத் தொட்டியை நெருங்கி நின்று பார்த்தார்.

ஐந்து மீன்கள் சுற்றிக்கொண்டிருந்தன. ஆறாவது, மேனேஜர் எல்லோரிடமும் பீற்றிக்கொள்கிற பெரிய மஞ்சள் மீன், மூலையில் மணல்மேல் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது.

ஸ்டோர் கண்ணாடியைத் தட்டினார். அசைவில்லை. இன்னும் பலமாகத் தட்டினார். வால் மட்டும் ஒருமுறை இழுத்துக்கொண்டு நின்றது. மற்ற ஐந்தும் திரும்பிக்கூடப் பார்க்காமல் அதன் மேலேயே போயின, வந்தன.

“ஐயோ, நான் இன்னும் பையவே அவுக்கலையே!”

தரை துடைக்கிற மாப்போடு ஆயம்மா உள்ளே வந்தாள். ஸ்டோர் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஆயம்மா, நீங்களே சாட்சி! முடிச்சு அப்படியே இருக்கு பாருங்க. கம்பி போடல, மருந்து போடல, மூச்சுகூட விடல. காத்துலயே பரவிடுச்சு ஆயம்மா! மலைக்கு அந்தப் பக்கம் போகணும். அவ வரமாட்டா. நான் தனியாச் செத்துடுவேன்!”

மாடிப்படியில் மேனேஜரின் ஷூ சத்தம் கேட்டது. கூடவே அவர் குரல்: “பேனா யார்கிட்டய்யா இருக்கு? என் பேனாவக் காணோம்!”

 ஸ்டோருக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது.

ஆயம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கதவைத் தாழ்போட்டாள். ரவிக்கைக் கையை மேலே சுருட்டிக்கொண்டு, தொட்டிக்குள் தோள்வரை கையை விட்டு, மஞ்சள் மீனைப் பிடித்து எடுத்தாள். அதை இடுப்பில் ஒரு துடை துடைத்துவிட்டு, வயிற்றை நகத்தால் நெம்பித் திறந்துகொண்டே சொன்னாள்:

“அழுவாதப்பா, நெச மீனுங்க ஆறும் செத்து எட்டு மாசமாச்சு, இதுக்கு பேட்டரிதான் தீந்துபோச்சு.”