கேட்டில் தொங்கிய பி.காம்.

சாம்பசிவன் ஸ்டூல் மேல் ஏறி நின்று, தன் வீட்டுப் பெயர்ப்பலகையில் 'பி.காம்.' இருந்த இடத்தில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, வெயில்ல என்ன பண்றீங்க?" என்று வாசலுக்கு வந்தாள் மனைவி பட்டு.

"பெயின்ட் உரியுது. உள்ள போ, உனக்கு இதெல்லாம் புரியாது."

உண்மை என்னவென்றால், மனுஷன் பி.காம். முடிக்கவே இல்லை. கடைசி வருஷம் ஒரு பேப்பர் நின்றுபோனது. நின்றால் நிற்கட்டும் என்று விட்டுவிட்டார். ஆனால் கல்யாணப் பத்திரிகையில் பி.காம்., கேட்டில் பி.காம். சென்னை கீழ்க்கட்டளையில் தங்கள் காலனிச் சங்கத்துக்குத் தலைவரானதே அந்த பி.காமை வைத்துத்தான்.

இப்போது மகள் மிருதுளாவுக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்திருந்தது. பெற்றோர், தாத்தா பாட்டி, கூடப்பிறந்தவர்கள் யாருமே பட்டம் வாங்கவில்லை என்றால் 'முதல் பட்டதாரி' என்று சான்றிதழ் தருவார்கள். படிப்புக் கட்டணத்தில் சலுகை உண்டு. நியாயமாகப் பார்த்தால் சாம்பசிவன் வீட்டுக்குச் சேர வேண்டியதுதான். வெளியே சொல்லத்தான் வாயில்லை. யாருக்கும் தெரியாமல் இ-சேவை மையத்தில் மனுப் போட்டுவிட்டார். இன்றைக்கு வி.ஏ.ஓ. விசாரணைக்கு வருகிறார்.

இறங்கிப் பார்த்தார். பச்சைப் பலகையில் வெள்ளைப் பிளாஸ்திரி தெருக்கோடி வரை தெரிந்தது. போகிறவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். ச்சே என்று பலகையையே கழற்றி உள்ளே கொண்டுபோய்க் கட்டிலுக்கடியில் தள்ளினார்.

கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தால், எதிர்வீட்டு சிட்டிபாபு கையில் பிரஷ்ஷோடு நிற்கிறார். தண்ணி கேன் வியாபாரி. கேனுக்கு அடையாளம் போடும் நீலப் பெயின்ட்டில், காம்பவுண்டு சுவர் முழுக்க 'சாம்பசிவன் பி.காம்.' என்று எழுதி முடித்திருந்தார்.

"எவனோ போர்டைத் தூக்கினு பூட்டான் சார். இதைத் தூக்குவானா பாக்கலாம்."

"யோவ், அழிய்யா முதல்ல."

"இது அழியாது சார். கேன் பெயின்ட்டு."

அந்த நேரம் பார்த்து வி.ஏ.ஓ. தீபா ஸ்கூட்டியை நிறுத்தினாள். சுவரைப் பார்த்தாள், கையிலிருந்த மனுவைப் பார்த்தாள்.

"நீங்க பி.காமா சார்?"

"அது வந்து மேடம்..."

"இன்னா மேடம் இப்படிக் கேட்டுட்டீங்க?" சிட்டிபாபு குறுக்கே வந்தார். "எங்க சங்கத்துக்கே தலைவரு. கல்யாணப் பத்திரிகை எங்க வூட்ல கீது, எடுத்தாரட்டா?"

"பட்டதாரி வீட்டுக்கு இந்தச் சர்டிபிகேட் தர முடியாது சார். மறைச்சு வாங்கினா, பின்னாடி உங்க பொண்ணோட சீட்டே போயிடும்."

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு மிருதுளா நின்றிருந்தாள். அஞ்சாம் கிளாஸிலிருந்து அவளுக்கு உட்கார்ந்து கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் பட்டு. மார்க் வந்தால் மட்டும் "எல்லாம் என் காமர்ஸ் ரத்தம்" என்பார் சாம்பசிவன். அந்த ரத்தமெல்லாம் இப்போது முகத்தில் ஏறியது. ஆனாலும் பெண்ணைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை.

"நான் பி.காம். இல்லை மேடம். ஒரு பேப்பர் பெயில். எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன்."

சிட்டிபாபு பிரஷ்ஷைப் பின்னால் மறைத்துக்கொண்டார். பெயிலானதுக்கு இன்றைக்காவது ஒரு பிரயோஜனம் வந்ததே என்று சாம்பசிவன் மூச்சு விட்டார். மானம் போனால் போகிறது, பெண் படித்தால் போதும்.

"சரி சார், எழுதிக்கறேன். வீட்ல அம்மா?"

"அவ வெறும் பிளஸ் டூ. அவளைக் கேட்கவே வேணாம்."

காபி டம்ளரை தீபாவிடம் நீட்டிய பட்டு, அவள் பேனாவைக் கையால் தடுத்தாள்.

"எழுதிடாதீங்க மேடம், பொண்ணு சீட்டு போயிடும். மாப்பிள்ளைக்கு ஒரு பேப்பர் நிக்குதுன்னு எங்கப்பா கல்யாணத்துக்கு முன்னாடியே விசாரிச்சுட்டார். இவர் சங்கடப்படுவாரேன்னுதான் பத்திரிகையில என்னோட பி.எஸ்ஸி. மேத்ஸைப் போடல."