கல்லுக்கு வயது என்ன

"ஏனுங்க, கல்லுக்குப் போயி வயசு பாப்பாங்களா?"

மனைவி புவனாவின் சந்தேகம் ஆறுச்சாமியிடம் எடுபடவில்லை. சென்னிமலைப் பக்கம் அவர் தோட்டத்து வரப்பில் ஓர் எல்லைக்கல் இருந்தது. அதை ஒட்டித்தான் அவருடைய போர்வெல். கல்லே போன வருசம் நட்டது, போர்வெல் என் நிலத்தில் இருக்கிறது என்கிறாள் பக்கத்துத் தோட்டத்து ராசாத்தாள். அது பாட்டன் காலத்துக் கல் என்கிறார் இவர்.

அறிவியல் பேசட்டும் என்று கல்லைப் பிடுங்கி, டெம்போவில் ஏற்றி, கோயமுத்தூர் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார். பாறைக்குள் இருக்கும் யுரேனியம் மெல்ல மெல்ல ஈயமாக மாறும், இரண்டையும் அளந்தால் வயது தெரியும் என்று ஆய்வாளர் கிளாடிஸ் விளக்கினாள். கைப்பிடித் துண்டு போதும் என்றும் சொன்னாள்.

"முழுசா வெச்சுக்கோ கண்ணு. பாதிக் கல்லக் குடுத்தா பாதி வயசுதான் வரும்."

அப்படி இல்லை என்று அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கடைசியில் கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.

இரண்டு மாதத்தில் முடிவு வந்தது: இருநூற்றைம்பது கோடி வருடம். ஆறுச்சாமி அதை லேமினேட் செய்து ராசாத்தாளிடம் நீட்டினார்.

"பாட்டன் காலம்னு நாந்தான் கொறைச்சுச் சொல்லிப்போட்டேன் அம்மணி."

ராசாத்தாள் நிதானமாகப் படித்தாள். "அப்ப உங்க பாட்டனும் இல்லீங்கண்ணா, எங்க பாட்டனும் இல்ல. நட்டது யாருங்க?"

உடனே கிளாடிஸுக்குப் போன் போட்டார். அது பாறை உருவான காலம், நட்ட தேதி அதில் வராது என்றாள் அவள். சரி, கல்லையாவது திருப்பிக் கொடு என்றார். மறுநாள் பார்சலில் நான்கு பை நிறையப் பொடி வந்தது. இடிக்காமல் உள்ளே இருப்பதை அளக்க முடியாதாம். அதற்குத்தான் கையெழுத்தாம்.

இதற்குள் ராசாத்தாள் வரப்போடு சேர்த்து உழுதுவிட்டாள். கல் இருந்த குழியும் காணோம். வேறு வழியில்லாமல் ஆறுச்சாமியே சர்வே ஆபீசில் மனு கொடுத்தார்.

சர்வேயர் சீனிவாசலு வரைபடத்தை விரித்து, காலை முழுக்க அளந்தார். அளந்துகொண்டே போனவர் போர்வெல்லையும் தாண்டி, ஆறுச்சாமியின் வாழைக்குள் எட்டடி நடந்து நின்றார்.

"பழைய கல்லு இருந்திருந்தா அதையே எல்லைன்னு எழுதிட்டுப் போயிருப்பனுங்க, வரைபடத்துல போர்வெல் அந்தம்மா பக்கந்தானுங்களே வருது. புதுக்கல்ல இங்கயே நட்டுறலாம், நீங்க என்ன நெனைக்கறீங்க?"