ரோஸ் சிலிண்டரை இரண்டாகப் பிரித்த கதை

தூத்துக்குடியில் இருக்கும் பர்ஹானா அக்காவுக்கு, திண்டுக்கல்லிலிருந்து உன் தங்கை நுஸைபா ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே அத்தா நலம், கடை நலம். அம்மாவும் நலம்தான், ஆனால் நேற்று மாலையிலிருந்து கசாயம் குடித்துக்கொண்டிருக்கிறார். அதற்குக் காரணம் நான். நீயும் மச்சானும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். எனக்காக நீயும் அவசரமாக ஒரு துஆ செய்துவிட்டு மேற்கொண்டு படி.

எல்லோரும் தூங்கிவிட்டார்கள். சமூக அறிவியல் நோட்டின் நடுப்பக்கத்தைக் கிழித்து எழுதுகிறேன். போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். இருக்கும் ஒரே போனில் உன் நம்பரைப் போட்டால் ஸ்பீக்கரில்தான் போடுவார்கள். அம்மா, அத்தா, பக்கத்து வீட்டு ரம்ஜான் பீவி மாமி வரை சுற்றி நின்று, இன்று என்ன குழம்பு வைத்தாய் என்று விசாரிப்பார்கள். அத்தனை பேருக்கு நடுவில், அத்தாவின் நானூறு சிலிண்டரும் துறைமுகத்திலேயே மாட்டிக்கொள்ளும்படி ஒரு தாள் எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்று எப்படிச் சொல்வேன்?

ஏசிக்கு அடைக்கும் 410 கேஸ், அதுதான் ரோஸ் நிறச் சிலிண்டர், கப்பலில் உங்கள் ஊருக்கு வந்து இறங்கிவிட்டது. திங்கள் காலை பத்து மணிக்கு, துறைமுகத்திலிருந்து சரக்கை எடுத்துத் தரும் கிளியரிங் ஆபீஸ் இருதயநாதன் அங்கிள் கஸ்டம்ஸில் தாளைப் போடுவார். என்ன சரக்கு, என்ன எடை, அதற்குக் கஸ்டம்ஸ் வைத்திருக்கும் கோடு நம்பர் என்ன என்று எழுதுகிற அந்தத் தாளை நீ இங்கே இருந்தவரை நீதான் எழுதினாய். இந்த முறை அத்தா கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பி வைத்து, "அக்கா எழுதுன மாதிரியே எழுதிருத்தா" என்றார். நானும் பெருமையாக உன் நோட்டைத் திறந்தேன்.

திறந்ததும் வேலை ஓடவில்லை அக்கா. நாம் கடைக்குள் காலிச் சிலிண்டர்களைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்ததுதான் கண்முன் வந்தது. மலைக்கோட்டையின் மேல் வெயில் இறங்குகிறவரை நீ ஒவ்வொரு நிறமாகச் சொல்வாய், நான் நம்பர் சொல்ல வேண்டும். வெளிர்நீலம் என்றால் 134ஏ கேஸ், உடனே 2903 45 என்று கத்துவேன். தப்பாகச் சொன்னால் என் பஜ்ஜியில் பாதி உனக்கு. நீ மேல்மாவை மட்டும் தின்றுவிட்டு வாழைக்காயை எனக்கே திருப்பிக் கொடுப்பாய், அதையும் நியாயம் என்று நம்பித் தின்றேன். மற்ற பிள்ளைகள் பதினாறாம் வாய்ப்பாட்டில் திணறிய வயதில் எனக்குக் குளிர்பதன வாயுக்களின் நம்பர் தலைகீழாகத் தெரியும். இப்போது நிறம் சொல்லக் கடையில் யாரும் இல்லை. பஜ்ஜி முழுசாகக் கிடைக்கிறது, அதில் ருசிதான் இல்லை.

அழுகையை அடக்கிக்கொண்டு பக்கத்தைத் திருப்பினேன். தனித்தனி கேஸுக்கெல்லாம் அழகாக நம்பர் எழுதியிருந்தாய். 'கலவை' என்ற பக்கத்தில் மட்டும் பழைய நம்பரை அடித்துவிட்டு, 'இது மாறிவிட்டது, பிறகு சொல்கிறேன்' என்று எழுதியிருந்தாய். பிறகு உன் நிக்காஹ் வந்துவிட்டது. நான் யோசித்தேன். 410 என்பது என்ன? 32 என்ற கேஸ் பாதி, 125 என்ற கேஸ் பாதி. இரண்டுக்கும் நம்பர் எனக்குத் தெரியும். நம் சித்தப்பா கல்யாணப் பிரியாணிக்கு ஆர்டர் எடுத்தால் சீரகச் சம்பா இத்தனை கிலோ, கறி இத்தனை கிலோ என்று தனித்தனியாகத்தானே எழுதுகிறார்? நானும் மொத்த எடையை நேர்பாதியாக வகுத்து, 32க்கு ஒரு வரி, 125க்கு ஒரு வரி என்று இரண்டு வரியாக எழுதினேன். பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது. வியாழக்கிழமை அத்தா அதைப் போட்டோ எடுத்து அங்கிளுக்கு அனுப்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை அறிவியல் வகுப்பில் ஸ்தனிஸ்லாஸ் சார், "கலவைக்கு ஒரு உதாரணம் சொல்லுங்க. உப்புத் தண்ணி, சக்கரத் தண்ணின்னா வெளிய நிப்பாட்டிருவேன்" என்றார். நான் எழுந்து, "410 கேஸ் சார். உள்ள ரெண்டு கேஸ் இருக்கு. ஆனா கலந்து அடைச்சுட்டா அது தனிச் சரக்கு சார், பேரு வேற, நம்பரும் வே..." என்றேன். நான் எழுதிய இரண்டு வரி அப்போதுதான் ஞாபகம் வந்து, பாதியில் நிறுத்திவிட்டேன். "ஏம்மா, நல்லாத்தான போயிட்டிருந்த, கேஸ் தீந்துபோச்சா?" என்றார். வகுப்பே சிரித்தது. தம் போட்டு இறக்கிய பிரியாணியை யாராவது அரிசி, கறி என்று பிரித்து எழுதுவார்களா? அதிகாரி பெட்டியைத் திறந்தால் நானூறு சிலிண்டரிலும் 410 என்று அச்சடித்திருக்கும், தாளில் அந்தப் பெயரே இருக்காது. பொய்த் தாள் என்றுதானே சொல்வார்?

அன்று சாயங்காலம் கடை ஃபைலில் நீ கடைசியாக எழுதிய தாளைக் கண்டுபிடித்தேன். ஒரே வரி, 3827 63. அத்தா அஸர் தொழுகைக்குப் போன நேரம் பார்த்து, கடையில் விட்டுப்போன போனில் கிளியரிங் ஆபீஸைக் கூப்பிட்டு, அம்மா பேசுவதுபோல, "சர்புன்னிசா பேசுறேன், அந்தத் தாளை நிறுத்தி வைங்க" என்றேன். "என்னக்கா, குரலு சின்னப்புள்ள மாதிரி இருக்கு?" என்றார் அங்கிள். சளி என்று சொல்லி, நிறுத்துவாரா என்றுகூடக் கேட்காமல் வைத்துவிட்டேன். அரை மணி நேரத்தில் அவர் அத்தாவைக் கூப்பிட்டு, "அக்காவுக்குத் தொண்ட ரொம்ப மோசமா இருக்கு, பாத்துக்கங்க பாய்" என்று சொல்ல, அத்தா நாட்டு மருந்துக் கடையிலிருந்து ஒரு பொட்டலத்தோடு வந்துவிட்டார். அம்மா, "எனக்கு ஒண்ணுமில்ல" என்றார். அத்தா, "ஒனக்குத் தெரியாது, ஊருக்கே தெரிஞ்சிருச்சு, குடி" என்றார்.

இன்று காலை அத்தா குளிக்கும்போது போனிலிருந்து அந்தப் போட்டோவை அழிக்கப் போனேன். 'எல்லோருக்கும் அழி' என்பதை அழுத்துவதற்குப் பதில் 'எனக்கு மட்டும்' என்பதை அழுத்திவிட்டேன். அத்தா வந்து பார்த்துவிட்டு, "போட்டோவக் காணோம்த்தா! நல்லவேள, இன்னொண்ணு இருக்கு" என்று மறுபடியும் அனுப்பினார். இப்போது என் தப்பு அங்கிளிடம் இரண்டு பிரதி இருக்கிறது.

அக்கா, ஏசி சீசன் முழுக்கச் சரக்கு துறைமுகத்தில் கிடந்தால் கடை என்ன ஆகும்? அதைவிட எனக்குப் பெரிய பயம், அத்தா கம்ப்யூட்டரைத் தன் பக்கமே திருப்பிக்கொள்வார் என்பது. திங்கள் ஒன்பது மணிக்கே நீ ஆபீஸுக்குப் போய், இரண்டு வரியை அடித்துவிட்டு ஒரே வரியாக 3827 63 என்று போடச் சொல். உன்னைப்போல ஒரு தப்பும் செய்யாமல் எழுத எனக்கு ஆயுசுக்கும் வராது. விடிந்ததும் வேனில் தூத்துக்குடிக்கு வரும் பொன்னழகு அண்ணனிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். மச்சானுக்கு என் ஸலாம். உன் மாமியாருக்கும் ஸலாம், ஆனால் கடிதத்தைக் காட்டாதே. அல்லாஹ் உங்கள் வீட்டில் எல்லா நலமும் நிறைத்து வைக்கட்டும்.

இப்படிக்கு,
பயத்தில் கையெழுத்து கோணிய உன் நுஸைபா

பின்குறிப்பு: ஞாயிறு காலை. மேலே உள்ளதில் ஒன்றையும் செய்யாதே. கடிதத்தைக் கொடுக்க ஓடினால், வேனின் முன் சீட்டில் அத்தா உட்கார்ந்திருந்தார். "திங்கக்கெழம அங்க இருக்கணும்த்தா. நீ எப்ப வாயத் தொறப்பேன்னு மூணு நாளா பாக்குறேன்" என்றார். வியாழக்கிழமை ராத்திரியே அங்கிள் தப்பைப் பார்த்து ஒரே வரியாக மாற்றிவிட்டாராம். போட்டோவை மறுபடி அனுப்பியது என் முகத்தைப் பார்க்கத்தானாம். அம்மாவுக்கும் எல்லாம் தெரியுமாம், கசாயம் என்று குடித்தது சுக்குக் காபியாம். நான் அங்கேயே அழுதுவிட்டேன். "அழுகாத. அடுத்த லோடுக்கும் நீதான் எழுதணும். உங்கக்கா மொதத் தடவ என்ன பண்ணுச்சு தெரியுமா? கேஸையே விட்டுட்டு, இரும்பு நம்பரப் போட்டு, நானூறு காலிச் சிலிண்டர்னு எழுதி அனுப்பிருச்சு" என்றார். அக்கா! காலிச் சிலிண்டரா? கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். இதைக் கேட்டபிறகு அத்தா கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். நீ ஒரு தப்பும் செய்யமாட்டாய் என்று உன்னைப் புகழ்ந்து எழுதிய ஒரு வரி இருக்கிறது, அதை மட்டும் வெட்டி எனக்குத் திருப்பி அனுப்பிவிடு.