அத்தையின் பல்லும் மாட்டின் பல்லும்

விஞ்ஞானம் படிக்கிற பிள்ளைகள், என்ன படிக்கிறோம் என்பதை வீட்டில் சொல்லிவிடுவது நல்லது. முழுவதையும் சொல்ல வேண்டாம். பையில் மாட்டுப் பல் இருந்தால் அதை மட்டுமாவது சொல்லிவிட வேண்டும். நான் சொல்லவில்லை.

பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம் எனக்குக் கிடைத்த ஆய்வு, மனிதப் பல்லின் எனாமலிலும் மாட்டுப் பல்லின் எனாமலிலும் இருக்கும் கனிமங்களை ஒப்பிடுவது. பற்பசை போன்றவற்றைச் சோதிக்க மனிதப் பல் போதுமான அளவு கிடைப்பதில்லை என்று மாட்டுப் பல்லைப் பயன்படுத்துகிறார்கள். இரண்டும் உண்மையிலேயே ஒன்றுபோலத்தானா என்று நான் பார்க்க வேண்டும். (வீட்டில் கேட்டால் "கெமிஸ்ட்ரி" என்று சொல்லி வைத்திருந்தேன். பொய்யில்லை.)

மனிதப் பற்களை, பல் பிடுங்கிக்கொண்டவர்களிடம் கேட்டு வாங்கினேன். அதில் ஒன்று அத்தையின் கடவாய்ப்பல். அத்தை அப்பாவின் தங்கை. குருவிட்டப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான எங்கள் லயத்திலேயே அடுத்த காம்பராவில் இருப்பவர். மாட்டுப் பற்களை இரத்தினபுரி இறைச்சிக் கடையில் வாங்கினேன். இதைத்தான் வீட்டில் சொல்ல முடியவில்லை. அப்பா தோட்டத்து மாரியம்மன் கோயில் கமிட்டித் தலைவர். செவ்வாய், வெள்ளியில் எங்கள் அடுப்படிக்குள் முட்டைகூட நுழையாது.

கனிமத்தை அளக்கும் மெஷின் எங்கள் விஞ்ஞான பீடத்தில் ஒன்றே ஒன்று. காத்துக் கிடந்து எனக்குத் திங்கட்கிழமை கிடைத்திருந்தது. அன்றைக்குப் பல் இல்லாமல் போய் நின்றால் பட்டம் அடுத்த வருடம்தான். ஆகவே பற்களைப் பத்திரப்படுத்தினேன். பேனா எழுத்து தண்ணீரில் அழிந்துவிடும் என்று மனிதப் பல்லுக்குச் சிவப்பு நூலும் மாட்டுப் பல்லுக்குக் கறுப்பு நூலும் கட்டி, எல்லாவற்றையும் ஒரு ஜாம் போத்தலில் போட்டு, துணியில் சுற்றி, வாசல் நிலைக்கு மேலே கூரைத் தகரத்துக்கு அடியில் செருகி வைத்தேன். என் ஒழுங்கை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

சூனியம் வைக்கிறவர்கள்கூட அவ்வளவு முறையாக வைக்க மாட்டார்கள் என்பது பிறகுதான் உறைத்தது.

சனிக்கிழமை காலை, பல் காய்ந்துவிடாமல் இருக்க டிஸ்டில்ட் வாட்டர் வாங்க டவுனில் உள்ள பேட்டரிக் கடைக்குப் போனேன். திரும்பி வந்தால் எங்கள் வாசலில் லயமே நிற்கிறது. மழை ஒழுகுகிறது என்று அப்பா தகரத்தைச் சரிசெய்ய ஏறியிருக்கிறார். போத்தல் அம்மாவின் காலடியில் விழுந்திருக்கிறது.

நடுவில் கோயில் பூசாரி. அவர் முன்னால் ஒரு மண்சட்டி. அதில் மஞ்சள் தண்ணீரும் கூடை நிறைய எலுமிச்சம்பழத்தைப் பிழிந்த சாறும். அதற்குள் என் பட்டப்படிப்பு ஊறிக்கொண்டிருந்தது.

பூசாரி ஒரு மாட்டுப் பல்லை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டார். "இது சாதாரண மனுசப் பல்லு இல்லம்மா. எலுமிச்சங்காயில வெசம் எறங்கட்டும். பொறவு ஆத்துல விட்டுருவோம்."

எந்த இடத்தில் போடுகிறார்கள் என்று பார்த்துவைத்து, அப்புறம் ஆற்றில் இறங்கி எடுத்துவிடலாம் என்று திட்டம் போட்டேன். (எனக்கு நீச்சல் தெரியாது.)

அப்போதுதான் அத்தை சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "அண்ணி, இந்தக் கடவாப்பல்லு என்னோடதாச்சே! வெத்தலக் கறையப் பாருங்க!"

அம்மா திரும்பினார். "அப்ப நீதான் வச்சியா?"

"ஐயோ, நான் ஒங்க மககிட்டதான் குடுத்தேன்!"

"செய்யிறதையும் செஞ்சிட்டு எம் புள்ள மேலயா பழியப் போடுற?"

அத்தை அழத் தொடங்கிவிட்டார். என்னைத் தூக்கி வளர்த்த அத்தை. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அம்மா, அந்தப் பல்லு எல்லாம் என்னோடது."

அம்மா பதறிப்போய் என் வாயைத் திறந்து பார்த்தார்.

"நான் சேத்து வச்சதும்மா!"

"யாருக்குடி வச்ச?"

"யாருக்கும் வைக்கல. பரீட்சைக்கு."

"பரீட்சைக்கு வேற பூச இருக்கே பாப்பா," என்றார் பூசாரி.

அப்பா மட்டும் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப இந்தப் பெரிய பல்லு?"

"மாட்டோடதுப்பா."

அப்பா மெதுவாகப் படியில் உட்கார்ந்தார். சட்டி என் தலையில்தான் உடையப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"மாடுதானா? பேயி பிசாசு இல்லியே?"

"இல்லப்பா. மாடுதான்."

"அப்பாடா!" என்றார் அப்பா. அவ்வளவு நிம்மதியாக அவர் மூச்சு விட்டு நான் பார்த்ததில்லை. பிறகு பூசாரியைப் பார்த்து, "கமிட்டிக்குத் தெரிய வேணாம்," என்றார். மாட்டுப் பல்லை நெற்றியில் ஒற்றியவர் என்பதால் பூசாரிக்கும் அதுவே நல்லதாகப் பட்டது. அம்மா மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. உள்ளே போய், சீனி தூக்கலாக ஒரு தேத்தண்ணி ஊற்றி வந்து அத்தையின் கையில் கொடுத்தார்.

எனக்கு மட்டும் நிம்மதி இல்லை. எலுமிச்சைப் புளிப்பு எனாமலைத் தின்றுவிடும் என்பதை என் ஆய்வின் முதல் பக்கத்தில் நானே எழுதியிருந்தேன். திங்கட்கிழமை, சுண்ணாம்பு பூசியது மாதிரி வெளுத்து, ஆங்காங்கே மஞ்சள் ஏறிய பற்களை என் ஆய்வுக்குப் பொறுப்பான மேடம் முன்னால் வைத்து நடந்ததைச் சொன்னேன்.

"தெஹி?" என்றார், எலுமிச்சம்பழத்தைச் சிங்களத்தில். நான் தலையாட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகுதான் என் உயிரைத் திருப்பித் தந்தார்: கெட்டுப்போனது மேல்தோல் மட்டும்தான், அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் உள்ளே நல்ல எனாமல் இருக்கும். தேய்த்தேன். இருந்தது. அன்று பஸ்ஸில் வரும்போது, பக்கத்தில் இருந்த அம்மாள் விசாரிக்கும் அளவுக்கு அழுதேன், சந்தோஷத்தில்.

பட்டம் வாங்கிய அன்று அத்தை கேட்டார்: "அப்பிடி என்னதாண்டி கண்டுபிடிச்ச?"

"கல்சியம், பொஸ்பரஸ் எல்லாம் பாத்தா மனுசப் பல்லும் மாட்டுப் பல்லும் கிட்டத்தட்ட ஒண்ணுதான் அத்த."

அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். இன்றைக்கும் வீட்டுக்கு யார் வந்தாலும், அத்தை கன்னத்தை இழுத்து அந்த ஓட்டையைக் காட்டி, "எம் பல்லும் மாட்டுப் பல்லும் ஒண்ணுன்னு எழுதிக் குடுத்துத்தான் எங்க மருமக பட்டம் வாங்குனா," என்பார்.

உடனே அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வரும்: "மாடு வெத்தல போடாதே!"