முதலாளி வீட்டுக் கடல்

முதலாளி வருவதற்கு இன்னும் இருபத்தொரு நாள் இருக்கும்போது, தொட்டியின் இடது மூலைப் பாறையில் பச்சையாக ஒரு மயிர் முளைத்திருப்பதை செண்பகராஜ் பார்த்தார்.

ஒன்றே ஒன்றுதான். கட்டைவிரல் நகத்தளவு நீளம். தண்ணீர் ஓட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

"செல்வமாரி, இது நேத்து இருந்துச்சா?"

சமையலறையிலிருந்து ஈரக்கையோடு வந்த செல்வமாரி குனிந்து பார்த்தாள். "பாசிதான அண்ணாச்சி. எங்க வீட்டுத் தண்ணித்தொட்டியில கூடத்தான் கெடக்கு. இப்பம் அதுக்கென்ன?"

அதுக்கென்ன என்று அவள் சுலபமாகக் கேட்டுவிட்டாள். சமையல்காரிக்குச் சட்டியில் அடிப்பிடித்தால் தேய்த்துக் கழுவிவிடலாம். செண்பகராஜின் பிழைப்பு அப்படியில்லை.

கோவில்பட்டியில் மூன்று தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கும் சோலைச்சாமி, மகளின் பிரசவத்துக்காக சிட்னிக்குப் போனபோது, வீட்டைச் செல்வமாரியிடமும் கடலைச் செண்பகராஜிடமும் ஒப்படைத்துவிட்டுப் போனார். கடல் என்றுதான் அவர் சொல்வார். ஆறடி நீளக் கண்ணாடித் தொட்டி, அதில் உப்புத் தண்ணீர், பாறைகளில் பூவாக விரிந்து ஆடும் ஏழெட்டுப் பவளங்கள், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஒரு ஜோடி மீன். மழைக்கு வானத்தையே பார்த்துக் கிடக்கிற கரிசல் சீமையில், முன் ஹாலில் கடல் வைத்திருக்கும் ஆள் தான் ஒருவன்தான் என்று அவருக்கு ஏகப்பட்ட பெருமை.

"நான் திரும்பி வரும்போது இது இப்படியே இருக்கணும் செண்பகம்," என்று காரில் ஏறும்போது சொன்னார். "இருந்துச்சுன்னா புது யூனிட்டுக்கு நீதான் மேனேஜர். இதைப் பாக்கத் தெரிஞ்சவனுக்கு எதையும் பாக்கத் தெரியும்."

செண்பகராஜ் பத்தொன்பது வருஷமாக சூப்பர்வைசர். மேனேஜர் நாற்காலி இரண்டு தடவை அவர் பக்கத்தில் வந்து, இரண்டு தடவையும் முதலாளியின் சொந்தக்காரர்களைத் தேடிப் போய்விட்டது. இந்தத் தடவை முதலாளியின் அக்காள் மகன் சக்திகுமார் தயாராக நிற்கிறான். மருந்து முக்கிய குச்சிக்கும் முக்காத குச்சிக்கும் வித்தியாசம் காட்டி அவனுக்கு வேலை பழக்கியவரே செண்பகராஜ்தான். நாளை அவன் உள்ளே வரும்போது எழுந்து நிற்க வேண்டியிருக்கும் என்று நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால் அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. காலை ஆறு மணிக்குக் குளித்துவிட்டு வருவார். செருப்பை கேட்டுக்கு வெளியே விடுவார். பூஜை அறையில் கும்பிட்டு நெற்றி நிறையப் பூசிக்கொண்டு, தொட்டிக்கும் ஒரு சிட்டிகை திருநீறு தூவி, "சொக்கா, இதுகளைக் காப்பாத்து" என்பார். மோட்டார் ஓடுகிறதா என்று காது வைத்துக் கேட்பார். மீனை எண்ணுவார். இரண்டுதான் என்றாலும் எண்ணுவார். ஏழு மணிக்கு சிட்னியிலிருந்து வீடியோ கால் வரும். முதலாளி மகளைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் மீனைக் காட்டச் சொல்வார்.

அன்றைக்குச் செண்பகராஜ் தொட்டியின் வலது பக்கத்தை மட்டும் காட்டினார்.

தொட்டியை அமைத்துக் கொடுத்தவர் தூத்துக்குடி ஹரிகிருஷ்ணன். போனில் அவர் அலட்டிக்கொள்ளவில்லை.

"பாசிக்கு வேண்டியது ரெண்டே ரெண்டு அண்ணாச்சி. நைட்ரேட்டு, பாஸ்பேட்டு. ரெண்டும் அளவா இருந்தா பவளம் வளரும். கூடிட்டுன்னா பாசி வளரும். தீனி அதிகமாப் போடுதீங்களோ?"

"ஒரு நேரந்தான் போடுதேன்."

"வேற யாரும்?"

செண்பகராஜ் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். மீன் தீனி டப்பா அன்று முதல் அவர் டிபன் பைக்குள் போய்விட்டது. செல்வமாரி அதைக் கவனித்தாள். அன்று அவர் காப்பியில் சீனி இல்லை.

நாலு நாளில் பச்சை அந்தப் பாறை முழுக்கப் படர்ந்தது. பட்டினி கிடந்த ஆண்மீன், பெண்மீனின் வாலைக் கடிக்க ஆரம்பித்தது.

"தண்ணிய மாத்துங்க," என்றார் ஹரிகிருஷ்ணன். "நாலுல ஒரு பங்கு எடுத்துட்டு, ஆர்ஓ தண்ணியில உப்புப் பொடியக் கலந்து ஊத்துங்க."

உப்புப் பொடி வாளியின் அடியில் இரண்டு கைப்பிடிதான் மிச்சம் இருந்தது. ஆர்ஓ கேன் கொண்டுவரும் வண்டி இரண்டு நாளாக வரவில்லை. செண்பகராஜ் யோசித்தார். கொல்லையில் எண்ணூறு அடி போர் இருக்கிறது. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, வாயில் வைத்தால் கரிக்கும். ஊரெல்லாம் உப்புத் தண்ணீர் என்று திட்டுகிற தண்ணீர் இருக்கும்போது, உப்பு வாங்க எதற்குத் தூத்துக்குடி போக வேண்டும்?

பன்னிரண்டு குடம் ஊற்றினார். ஊற்றி முடித்துவிட்டுத்தான் போனில் சொன்னார்.

"அண்ணாச்சி, அது வயக்காட்டு உரமெல்லாம் இறங்கின தண்ணி," என்றார் ஹரிகிருஷ்ணன். "கடலுப்பு வேற, உங்க ஊரு உப்பு வேற."

இரண்டே நாளில் பாசி பக்கத்துப் பாறைக்கும் தாவியது. ஹரிகிருஷ்ணனே பஸ்ஸில் உப்பு மூட்டை போட்டுவிட, போர்த் தண்ணீரைப் பாதிக்குமேல் இறைத்துவிட்டு நல்ல தண்ணீர் ஊற்றினார்கள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டதே என்று செண்பகராஜ் சொக்கனிடம் முறையிட்டார். மறுநாளிலிருந்து திருநீறு மூன்று சிட்டிகையானது. செல்வமாரி தன் பங்குக்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துத் தொட்டி மேல் கட்டினாள்.

"கண்ணுதான் அண்ணாச்சி. அந்த சக்திகுமாரு போன மாசம் வந்து இதை எப்படிப் பாத்தான் தெரியுமா?"

அவள் தன் பக்கம் வந்துவிட்டாள் என்று செண்பகராஜுக்கு மனசு இளகியது. தீனி டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வீடியோ கால்தான் பெரிய கண்டமாக இருந்தது. பாசி வருவதற்கு முந்தி எடுத்த ஒரு நல்ல வீடியோவைத் தேடிப் பிடித்தார். "இங்கன நெட்டு கிடைக்க மாட்டேங்கு மொதலாளி" என்று சொல்லி அதை அனுப்பினார். மறுநாளும் அதையே அனுப்பினார். நாலாம் நாள் முதலாளி கேட்டார்.

"செண்பகம், கண்ணாடியில காலண்டர் தெரியுது பாரு. என்ன தேதி அது?"

எதிர்ச் சுவரின் தினசரி காலண்டர் தொட்டிக் கண்ணாடியில் பளிச்சென்று விழுந்திருந்தது. தேதி பத்து நாளைக்கு முந்தியது.

"கிழிக்க மறந்துட்டேன் மொதலாளி."

"பத்து நாளாவா?"

"மீனைப் பாக்கவே நேரம் சரியா இருக்கு மொதலாளி."

சொன்ன பொய்க்காக, அன்றே காலண்டரைக் கழற்றி அலமாரிக்குப் பின்னால் ஒளித்துவைத்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, செண்பகராஜ் சொல்லியனுப்ப, இசக்கியப்பன் வந்தார். புதூருக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூர்க்காரர். நாலு நாட்டுப் பசுவும் கொஞ்சம் புஞ்சையும் உண்டு. முதலாளிக்குக் கடைத் திருநீறு ஆகாது என்பதால், வீட்டிலேயே சுட்டுச் சலித்த திருநீற்றை ஒரு டின்னில் கொண்டுவந்து கொல்லை வாசலில் கொடுத்துவிட்டுப் போவார்.

"டின்னு காலியாயிட்டு," என்றார் செண்பகராஜ்.

"போன மாசந்தான அண்ணாச்சி தந்தேன்? மொதலாளி குடும்பமே பூசினாலும் ஆறு மாசம் வருமே."

"வேண்டுதல் இருக்கு. அடுத்த தடவை பெரிய டின்னாக் கொண்டாங்க."

இசக்கியப்பன் அவர் நெற்றியைப் பார்த்தார். அவ்வளவு பெரிய நெற்றியில்லை. கொண்டுவந்த டின்னைக் கொடுத்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

முதலாளி வர எட்டு நாள் இருக்கும்போது ஹரிகிருஷ்ணன் நேரிலேயே வந்தார். சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் தொட்டித் தண்ணீரை எடுத்து மருந்துச் சொட்டு விட்டார். ஒரு குப்பி நிறம் மாறவே இல்லை. இன்னொன்று மை மாதிரி நீலமானது.

"இது என்ன கூத்து?" என்று குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "நைட்ரேட்டு சுத்தமா இறங்கிட்டு. பாஸ்பேட்டு மட்டும் ஏறிக்கிட்டே போகுது. தீனியா இருந்தா ரெண்டும்ல ஏறணும்? அண்ணாச்சி, என்னமோ ஒண்ணு தெனமும் உள்ள விழுது."

"மூடி போட்டுத்தான வச்சிருக்கேன்."

"பல்லி? ஊதுபத்திச் சாம்பல்? சுவத்துச் சுண்ணாம்பு?"

பல்லியைத் துரத்தினார்கள். ஊதுபத்தி கொல்லைக்குப் போனது. ஹாலில் துடைப்பம் போடுவதே தடையானது. ஹரிகிருஷ்ணன் விளக்கை மூன்று நாள் அணைத்துவைக்கச் சொன்னார். வெளிச்சம் இல்லாவிட்டால் பாசி பட்டுப்போகும் என்றார். செண்பகராஜ் எதற்கும் இருக்கட்டும் என்று ஐந்து நாள் அணைத்து, மேலே ஜமுக்காளத்தையும் போர்த்தினார். காலையில் மட்டும் ஒரு முனையைத் தூக்கி, சொக்கனை நினைத்து ஒரு கைப்பிடி.

ஆறாம் நாள் ஜமுக்காளத்தை எடுத்தார்கள். பாசி கொஞ்சம் வெளிறியிருந்தது. பவளங்கள் மொத்தமாகச் சுருங்கிவிட்டன. விளக்கைப் போட்ட மறுநாளே பாசி பழைய பச்சைக்குத் திரும்பியது. பவளங்கள் திரும்பவில்லை.

செண்பகராஜ் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷோடு சட்டையைக் கழற்றிவிட்டுத் தொட்டிக்குள் கைவிட்டார். தேய்த்துத் தேய்த்துத் தோள் கழன்றது. பிய்ந்த துணுக்கெல்லாம் தண்ணீரில் மிதந்துபோய், இதுவரை சுத்தமாக இருந்த வலது பக்கப் பாறைகளில் உட்கார்ந்துகொண்டது. அவர் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். வாய்விட்டு அழுதிருப்பார். செல்வமாரி பார்த்துக்கொண்டிருந்ததால் அழவில்லை.

"பத்தொன்பது வருஷம் செல்வமாரி. ஒரு நாள் லேட்டா வந்ததில்ல. ஒரு மசிருப் பாசி வந்து எல்லாத்தையும் கொண்டுபோகுதே."

"காப்பி போடுதேன் அண்ணாச்சி," என்றாள் அவள். அன்று அதில் சீனி கூடவே இருந்தது.

விடிந்தால் முதலாளி. கடைசி நம்பிக்கையாகச் செண்பகராஜ் டின்னில் மிச்சமிருந்த திருநீற்றை அப்படியே தொட்டியில் கவிழ்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் பத்தரை மணிக்கு, தூத்துக்குடி விமான நிலையத்திலிருந்து கார் வந்து நின்றது. ஓட்டிவந்தவன் சக்திகுமார். மாமாவின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவன்தான் முதலில் ஹாலுக்குள் வந்தான். தொட்டியைப் பார்த்தான். பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தான்.

"மாமா, சீக்கிரம் வாங்க," என்றான். குரலில் அவ்வளவு மரியாதை.

சோலைச்சாமி வந்தார். கடல் இருந்த இடத்தில் ஒரு புல்தரை நின்றது. பச்சை, விரல் நீளத்துக்குத் தண்ணீர் ஓட்டத்தில் சாய்ந்து சாய்ந்து ஆடியது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"மொதலாளி, மீன் ரெண்டும் உசுரோடத்தான் இருக்கு," என்றார் செண்பகராஜ்.

"மாமா, நான் அப்பவே சொன்னேன், பொறுப்பான ஆளுகிட்ட..." என்று ஆரம்பித்தான் சக்திகுமார்.

"நீங்க சும்மா இருங்க தம்பி," என்று செல்வமாரி குறுக்கே வந்துவிட்டாள். "மொதலாளி, நான் கண்ணால பாத்ததைச் சொல்லுதேன். அண்ணாச்சி இந்த மீனுக்காகப் பட்ட பாடு, பெத்த பிள்ளைக்குக் கூட ஒருத்தரும் பட மாட்டாவ. காலையில பச்சத்தண்ணி பல்லுல படாம, குளிச்சு முழுகி, தெனமும் சாமி திருநீறு போட்டுக் கும்பிட்டுட்டுத்தான் மத்த வேலை. ஒரு நாள் தவறினதில்ல. இது யாரோ வச்ச கண்ணு. அதுக்கு அவிய என்ன செய்வாவ?"

சோலைச்சாமி திரும்பிச் செண்பகராஜைப் பார்த்தார். பிரஷ் தேய்த்துத் தோல் உரிந்த விரல்களைப் பார்த்தார். தொட்டி மேல் தொங்கிய எலுமிச்சம்பழத்தையும் பார்த்தார். அவர் முகம் மெல்ல இளகியது.

"தெனமுமா கும்பிட்ட?"

"ஒரு நாளும் தவறல மொதலாளி."

"மனுசனால ஆனதைச் செஞ்சிருக்க. போகட்டும் விடு, தொட்டிய மறுபடி வச்சுக்கிடலாம். இப்படி உண்மையா இருக்கிற ஆளு கிடைக்காது. நாற்காலி உனக்குத்தான்."

சக்திகுமார் பெட்டியை மறுபடியும் தூக்கிக்கொண்டான். செண்பகராஜுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. கும்பிட்ட கையை இறக்கவே மறந்து நின்றார்.

அப்போதுதான் கொல்லை வழியாக இசக்கியப்பன், முதலாளி வந்திருப்பது கேட்டு, பெரிய டின்னோடு முன் ஹாலுக்கே வந்தார். இத்தனை வருஷத்தில் அவர் இந்த ஹாலுக்குள் வந்ததில்லை. சோலைச்சாமி டின்னை வாங்கித் திறந்தார். "கண் திருஷ்டி போகட்டும்" என்று ஒரு கை அள்ளி, எல்லோரும் பார்க்கத் தொட்டியில் போட்டார்.

வெள்ளைச் சாம்பல் அந்தப் பச்சை மேல் மெதுவாக இறங்குவதை இசக்கியப்பன் குனிந்து பார்த்தார். இத்தனை நாள் மனதை அரித்த கேள்விக்கு விடை கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் அவர் முகம் மலர்ந்தது.

"இதுக்குத்தான் டின்னு டின்னா கேட்டீங்களா அண்ணாச்சி, முன்னமே சொல்லியிருந்தா மூடையாவே கொண்டாந்திருப்பேனே, எங்க புஞ்சையிலயும் கீரைப் பாத்திக்கு இந்தச் சாணிச் சாம்பலைத்தான் தூவுதோம், இப்படித்தான் பச்சைப்பசேல்னு எந்திரிக்கும்."