நாற்பத்தோராம் வரியில் நின்றது

"மறுபடியும் நாற்பத்தோராவது வரியிலயே நிக்குது!" என்றார் கம்ப்யூட்டர்க்காரர்.

மருத்துவமனையின் பேச்சுப் பயிற்சி அறை. எதிரே சக்கர நாற்காலியில் ஒரு வயதான அம்மா. பக்கவாதம் வந்து பேச்சும் வலக்கையும் போய் ஐந்து மாதமாகிறது. இடக்கை விரலால் எழுத்துகளைத் தட்டினால் உரக்கப் பேசும் இலவச மென்பொருள் ஒன்று கிடைத்திருந்தது. ரொம்பப் பழசு. அதன் கட்டளை வரிகளான மூல நிரலை எடுத்து, இந்தக் கம்ப்யூட்டருக்குத் தகுந்தபடி புதிதாகக் கட்டியெடுக்க வேண்டும்.

"அதுக்கு என்னதான் வந்துச்சு சார்?" என்றார் பயிற்சி தரும் பெண்.

"கட்டளைகளைப் படிச்சு வேலை வாங்க உள்ளே ஷெல்னு ஒண்ணு இருக்கும்மா. இதை எழுதினவரோட ஷெல் நெளிவு சுளிவு தெரிஞ்சது. இங்கே இருக்கிறது கறார் பேர்வழி. ரெட்டை அடைப்புக்குறியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்குது."

அடைப்புக்குறிகளை ஒவ்வொன்றாகத் திருத்தினார். நாற்பத்தொன்றைத் தாண்டிய நிரல், தொண்ணூறாம் வரியில் போய்ப் படுத்துக்கொண்டது.

அம்மா விரலை உயர்த்தினார்.

"தண்ணி கேக்கறாங்க" என்று பயிற்சிப் பெண் ஓடினார்.

கம்ப்யூட்டர்க்காரர் துணிந்து, கம்ப்யூட்டரின் பொது ஷெல்லையே மாற்றினார். வராந்தாவின் டோக்கன் பலகையும் இதே கம்ப்யூட்டரில்தான் ஓடியது. அது குழம்பி, பன்னிரண்டாம் எண்காரரை நான்கு அறைகளுக்கும் ஒரே நேரத்தில் கூப்பிட்டது. வெளியே ஒரே கூச்சல். அலறியடித்துக்கொண்டு பழையபடி மாற்றினார்.

அம்மா மறுபடியும் விரலை உயர்த்தினார்.

"ஃபேன் காத்து ஆகலையாம்." ஃபேன் நின்றது.

அம்மா தலையை வேகமாக ஆட்டினார்.

"பாவம், குளிருது போல." சால்வை வந்தது.

"நாளைக்குப் பார்த்துக்கலாமா சார்?"

"அஞ்சு மாசமா ஒரு வார்த்தை பேசலை. இன்னைக்கு இவங்களைப் பேச வைக்காம நான் எழுந்திருக்கிறதா இல்லை."

சொன்னபடியே உட்கார்ந்தார். நிரலோடு வந்த குறிப்பேட்டை அப்போதுதான் முதல் தடவையாகத் திறந்தார்.

"அடடா, இதைப் பாருங்க! கை நடுங்கி ஒரே எழுத்தை ரெண்டு தடவை தட்டிட்டா ஒண்ணாவே எடுத்துக்குமாம். களைச்சுப்போய்ப் பாதியில நிறுத்தினா, மிச்சத்தை ஞாபகம் வெச்சிருக்குமாம். மனுஷன் எவ்வளவு யோசிச்சிருக்கான்! கையெடுத்துக் கும்பிடணும்."

அடுத்த பக்கத்திலேயே வழியும் இருந்தது: இந்த வேலைக்கு மட்டும் நெளிவு சுளிவுள்ள ஷெல்லைக் காட்டிவிடு, மற்றதைத் தொடாதே.

காட்டினார். வரிகள் சரசரவென்று ஓடின. பலகை தன்பாட்டுக்கு எண்களைக் கூப்பிட்டது. மென்பொருள் எழுந்து நின்றது.

விசைப்பலகையை அம்மாவின் மடியில் வைத்தார்கள். பயிற்சிப் பெண்ணுக்கு இப்போதே கண் கலங்கிவிட்டது. "பதறாம அடிங்கம்மா. முதல்ல யார்கிட்ட என்ன சொல்லணும்?"

அம்மா கம்ப்யூட்டர்க்காரரை ஏற இறங்கப் பார்த்தார். ஒற்றை விரல் நிதானமாகத் தட்டி முடித்ததும் ஒலிபெருக்கி கணீரென்று பேசியது:

"நான் இதை எழுதினப்போ, என் கம்ப்யூட்டர்ல நல்லாத்தான் ஓடிச்சு தம்பி!"