தாளாளரின் தொடை

உலகத்தில் தாளங்கள் இரண்டே வகை. தாளாளர் சக்கரபாணி போடுவது ஒன்று; தவறானது இன்னொன்று. திருவண்ணாமலையில் ஒரு பெண்கள் பள்ளியைக் கட்டிக் காத்த அந்தப் பெருமகனுக்கு அரிசி மண்டியும் இருந்தது, ஞானமும் இருந்தது. தாளாளர் என்ற சொல்லுக்குள்ளேயே தாளம் உட்கார்ந்திருக்கிறது என்பதை ஆண்டுதோறும் மேடையேறி விளக்குவார்.

கச்சேரி என்றால் முன்வரிசையில் அமர்ந்து வலது தொடையில் ஓங்கி ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, அப்புறம் தட்டித் திருப்பு, தட்டித் திருப்பு. எட்டு எண்ணிக்கை, ஆதி தாளம். பாட்டு எதுவானாலும் அதுதான். அவர் கை விழுந்தால் பின்னால் இருக்கும் ஆசிரியர்கள் அத்தனை பேர் கையும் விழும். எமர்ஜென்சி ஆண்டு வேறு. 'ஒழுங்கு' கொடிகட்டிப் பறந்த காலம்.

அந்த ஆண்டு விழாவில்தான் பாட்டு டீச்சர் வள்ளியின் தலையெழுத்து தொங்கியது. தற்காலிக வேலை. தாளாளருக்குப் பாட்டு பிடித்தால் நிரந்தரம். இல்லாவிட்டால் கீழ்பென்னாத்தூர் மாமியார் வீட்டில் மல்லாட்டைக் கடலை உரிப்பது நிரந்தரம். மிருதங்கத்துக்கு வேறு ஆள் அமையாமல் கணவன் பரசுராமனையே பக்கத்தில் உட்கார்த்தியிருந்தாள்.

அவள் எடுத்த பாட்டு மிசிர சாபு தாளம். மூன்றும் நாலும் ஏழு. இரண்டாவது வரியிலேயே அவள் கண் முன்வரிசைக்குப் போனது. பாட்டு ஏழில் போக, தொடை எட்டில் போய்க்கொண்டிருந்தது. தாளாளரின் புருவம் ஏறியது. பின்வரிசைப் புருவங்களும் ஒழுங்காக ஏறின.

வள்ளி அண்ணாமலையானை நினைத்துக்கொண்டு, சுற்று முடியும் இடமெல்லாம் ஒரு 'ஆ' சேர்த்தாள். ஏழு எட்டானது. தாளாளர் கண்ணில் நீர் கோத்தது. பரசுராமன் மட்டும் பிடிவாதமாக ஏழிலேயே வாசித்தான். சும்மா சொல்லக்கூடாது, நாராசமாக இருந்தது.

மறுநாள் விசாரணைக் கமிட்டி கூடியது.

"தாளம் தப்பிப் போச்சே, யாரும்மா தப்பு?" என்றார் தாளாளர்.

வள்ளி எழுந்து நின்றாள். "மிருதங்கம்தாங்க."

"அவரு உங்க வூட்டுக்காரர் இல்ல?"

"வூட்ல வூட்டுக்காரர்ங்க. மேடையில மிருதங்கம்ங்க."

நேர்மை என்றால் இதுவல்லவா நேர்மை என்று கமிட்டி நெகிழ்ந்தது. வள்ளிக்கு அங்கேயே நிரந்தர ஆணை. பரசுராமன் இனித் தோல்கருவியோடு பள்ளி வளாகத்துக்குள் கால் வைக்கலாகாது என்று ஏகமனதாகத் தீர்மானம்.

வீட்டில் பரசுராமன் கோபப்படவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான்.

"சாபு எத்தினி, வள்ளி?"

"ஏழுங்க."

"நாளைக்குப் பொண்ணுங்களுக்கு இன்னான்னு சொல்லித் தருவ?"

வள்ளி ரசத்தைக் கலக்கினாள். கலங்கியது ரசம் மட்டுமல்ல. "எட்டுன்னு."

"ஒண்ணு ஜாஸ்தியா இருக்குதே."

"அது தாளாளருக்குங்க."

இப்படியாக அந்தப் பள்ளியில் இசை வளர்ந்தது. சக்கரபாணியார் கடைசிவரை ஒருமுறைகூடத் தாளம் தப்பவில்லை. அவர் தப்பாமல் இருப்பதற்காக ஊரே தப்பியது.